குடலுக்கு எது நல்லது: மாத்திரையா, தயிரா, பழஞ்சோறா, பயறா?

பிள்ளைக்கு அடிக்கடி தடிமன் வருகிறது. அதற்கு ஒரு அன்டிபயோட்டிக். அது முடிகிறபோது வயிற்றோட்டம். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் இந்தச் சுற்று நடந்துகொண்டே இருக்கிறது. "குடல் சரியில்லை, அதுதான் எதிர்ப்புச் சக்தி இல்லை" என்று யாராவது சொன்னதும் எதை வாங்குவது என்ற கேள்வி வந்துவிடும். பார்மசியில் உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயோட்டிக் மாத்திரையும் பைக்கற்றுத் தூளும் இருக்கின்றன. சுப்பர்மார்க்கெட்டில் கப் யோகட் இருக்கிறது. கடையில் சட்டித் தயிர் இருக்கிறது. வீட்டில் அம்மம்மா பழஞ்சோறு போதும் என்கிறார். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்து பார்க்க நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. எதில் காசையும் நேரத்தையும் போடுவது என்பதை முடிவு செய்யத்தான் இந்த ஒப்பீடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் காசு பயறு, கௌபி, கீரை, குத்தரிசி, குரக்கன் ஆகியவற்றுக்கு. இரண்டாவது, சீனி போடாத தயிருக்கும் மோருக்கும். பழஞ்சோறு நல்லது, ஆனால் யாழ்ப்பாணத்துத் தண்ணீரை மனதில் வைத்துச் செய்தால் மட்டும். மாத்திரை குறிப்பிட்ட சில தேவைகளுக்கு மட்டும், அதுவும் டொக்டர் சொன்ன வகையில். சீனி போட்ட கப் யோகட்டை நான் குடல் மருந்தாகக் கணக்கெடுக்கவே மாட்டேன்.

இந்த வரிசை ஏன் என்று விளங்க, குடலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். குடலின் உட்சுவர் ஒரே ஒரு கல அடுக்கால் ஆனது. ஒரு பக்கம் நாம் தின்ற சாப்பாடும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும், மறுபக்கம் இரத்தம். நடுவில் இருப்பது அந்த மெல்லிய அடுக்கும் அதன்மேல் படிந்த சளிப்படலமும்தான். அந்த அடுக்கு சில நாட்களுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. இவ்வளவு மெல்லிய எல்லைக்குக் காவல் தேவை என்பதால்தான், உடலின் எதிர்ப்புக் கலங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் குடலை ஒட்டியே இருக்கின்றன என்று கணிக்கிறார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அவை கூட்டம் கூட்டமாகத் திரண்டிருப்பதை 1677 இல் சுவிற்சர்லாந்து மருத்துவர் யோகான் கொன்ராட் பேயர் விவரித்தார். இன்றும் அவற்றுக்குப் பேயர் திட்டுகள் என்றுதான் பெயர். ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தை உடல் நாள்தோறும் உற்பத்தி செய்யும் அளவு மற்ற எல்லா வகை எதிர்ப்புப் புரதங்களையும் சேர்த்ததைவிட அதிகம். அதில் பெரும்பகுதி குடலுக்குத்தான் போகிறது.

நம்மோடு வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சராசரி ஆணின் உடலில் சுமார் 38 இலட்சம் கோடி என்று 2016 இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. பெரும்பாலானவை பெருங்குடலில் இருப்பவை. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை இவை புளிக்கவைத்து, சிறிய கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் பியூட்டிரேட் என்பது பெருங்குடல் சுவர்க் கலங்களுக்கு முக்கிய எரிபொருள். எதிர்ப்புக் கலங்களில் ஒரு பிரிவு, அளவுக்கு மீறிய தாக்குதலை அடக்கும் வேலையைச் செய்கிறது. பியூட்டிரேட் அந்தப் பிரிவை வளர்க்கிறது என்பதை 2013 இல் எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. நார்ச்சத்து கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் 2016 இல் எலிகளில் பார்த்தார்கள். பசித்த பாக்டீரியாக்கள் குடலின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. காவல் மெலிந்தது, நோய்க்கிருமி உள்ளே நுழைய வழி கிடைத்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். கூடினால் மட்டும் நல்லதென்றால், தன் உடலையே தாக்கும் மூட்டுவாதமும் தூசுக்கு மூச்சிழுக்கும் ஆஸ்துமாவும் நல்ல எதிர்ப்புச் சக்தியின் அடையாளமாகியிருக்கும். நமக்குத் தேவை நிதானமுள்ள எதிர்ப்புச் சக்தி: கிருமியைத் தாக்கவேண்டும், சாப்பாட்டையும் நல்ல நுண்ணுயிரையும் விட்டுவிடவேண்டும். குடல் கற்றுக்கொடுப்பது அந்த நிதானத்தைத்தான். வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் பரிந்துரைத்தது.

இப்போது நம்முடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் பாணும் சம்பலும். மதியம் வெள்ளைச் சோறு, மீன் குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல். இரவு கோதுமைமாப் பிட்டு அல்லது வெள்ளைமா இடியப்பமும் சொதியும். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் நார்ச்சத்து அரைக் கிராம்கூட இல்லை. வயிறு நிறைந்திருக்கும், ஆனால் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அன்று பட்டினி. அதே வீட்டில் காலையில் ஒரு கோப்பை அவித்த பயறு தேங்காய்ப்பூவோடு வைத்தால் ஏறக்குறைய 15 கிராம் நார்ச்சத்து ஒரே வேளையில் வந்துவிடும். ஒரு கோப்பை கௌபியில் 11 கிராம் அளவுக்கு இருக்கும். இடியப்பத்தைச் சிவப்பரிசி மாவில் அவித்தால், பிட்டில் பாதிக்குக் குரக்கன் மாவைச் சேர்த்தால், இன்னும் கொஞ்சம். பிறகு ஒரு கொய்யாப்பழம். 25 கிராமைத் தொட இதைவிட அதிகம் வேண்டியதில்லை.

இந்தத் தெரிவு மற்ற எல்லாவற்றையும் முந்துவதற்கு விலையும் ஒரு காரணம். வேலியில் நிற்கும் முருங்கைக்குக் காசே இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலோ மருதனார்மடத்திலோ வல்லாரை, பொன்னாங்காணி, முளைக்கீரை என்று மாறி மாறி வாங்கலாம். மாறி மாறி என்பதுதான் முக்கியம். பல நாட்டினரின் மாதிரிகளை வைத்துச் செய்து 2018 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வாரத்தில் 30 வகைக்கு மேல் தாவர உணவு தின்றவர்களின் குடல் நுண்ணுயிர்கள், 10 வகையோ அதற்குக் குறைவாகவோ தின்றவர்களுடையதைவிடப் பலவகைப்பட்டிருந்தன. 30 என்று கேட்டதும் மலைக்கத் தேவையில்லை. வெங்காயம், உள்ளி, மல்லி, மிளகு, கறிவேப்பிலை எல்லாம் கணக்கில் சேரும். பல இலைகளைப் பறித்துப் போட்டுக் காய்ச்சும் இலைக்கஞ்சி ஒரு கோப்பையிலேயே பல வகையைத் தந்துவிடும். காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழும் அப்படித்தான்: பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை என்று எத்தனை சேருகிறது! அந்தக் கூழை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் ஒடியலைப் பற்றி ஒரு எச்சரிக்கை உண்டு. 1970களிலும் 80களிலும் ஒடியல் மாவை எலிகளுக்கு ஊட்டிச் செய்த ஆய்வுகள், நரம்பையும் எதிர்ப்புத் திறனையும் பாதிக்கும் பொருள்கள் அதில் இருப்பதைக் காட்டின. மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கயர்த் தண்ணீரை வடித்து, பிறகு நன்றாகக் கொதிக்கவைக்கும் நம் பழைய முறை மிகச் சரியானது. அதைக் குறுக்கக் கூடாது. எப்போதாவது கூடிக் குடிக்கும் கூழாகவே ஒடியல் இருக்கட்டும். "நார்ச்சத்து நிறைய" என்ற ஒரு பேச்சை நம்பி அந்த மாவைத் தினச் சாப்பாடாக்க வேண்டாம்.

நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும், காற்றுப் பிரியும், இரண்டே நாளில் வீட்டார் கைவிட்டுவிடுவார்கள். முதல் வாரம் அரைக் கோப்பை பயறு, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம், தண்ணீரும் அதிகமாக. இரண்டு மூன்று வாரத்தில் குடல் பழகிவிடும்.

அடுத்தது தயிர். இங்கே நார்ச்சத்துக்கு எதிராகப் பேசும் ஒரு நல்ல ஆய்வைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2021 இல் வெளியான அந்த ஆய்வில், அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டாகப் பிரித்து, 10 வாரம் ஒரு பிரிவுக்கு நார்ச்சத்து கூடிய உணவும் மற்றதற்குத் தயிர், புளித்த பால், புளிக்கவைத்த மரக்கறி போன்றவையும் கொடுத்தார்கள். புளித்த உணவு தின்றவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துப் பிரிவில் அந்தக் காலத்துக்குள் வகைகள் கூடவில்லை.

அப்படியிருந்தும் நான் நார்ச்சத்தை முன்னுக்கு வைப்பதற்குக் காரணங்கள் உண்டு. 10 வாரம் குறுகிய காலம், 36 பேர் சிறிய கூட்டம். மறுபக்கம், 2019 இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த தொகுப்பு, 185 நீண்டகால அவதானிப்புகளையும் 58 பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்தது. நார்ச்சத்து அதிகம் தின்றவர்களிடம் மரணமும் இதயநோயும் நீரிழிவும் பெருங்குடற் புற்றுநோயும் 15 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தன. நீரிழிவு வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் இந்தக் கணக்கை ஒதுக்க முடியாது. தவிரவும், ஸ்ரான்போர்டில் அவர்கள் தின்றது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு பங்கு புளித்த உணவு. சோற்றின் கடைசியில் ஒரு கரண்டி தயிரை ஊற்றிவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. தயிரின் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை, வந்து வேலை செய்துவிட்டுப் போகும். ஆகவே தினமும் வேண்டும். மதியச் சோற்றோடு தயிர், பின்னேரம் இஞ்சியும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட ஒரு கிளாஸ் மோர் என்றால் பொருத்தம்.

வாங்குவதா, வீட்டில் தோய்ப்பதா என்றால், காய்ச்சின பாலில் உறை விட்டு வீட்டில் தோய்ப்பதே எனக்குப் பிடிக்கும். பால் காய்ச்சியதா என்ற சந்தேகம் இராது, சீனியும் சேராது. எருமைத் தயிர்ச் சட்டி வாங்கினால் மணமும் நிறமும் பாருங்கள், பூஞ்சணம் கண்ட தயிரில் மேலே வழித்துவிட்டுத் தின்ன வேண்டாம். மோர்க்குழம்பு அருமையான கறிதான், ஆனால் அடுப்பில் ஏறினால் உயிருள்ள பாக்டீரியா செத்துவிடும். தோசை, இட்லி, கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்பம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. புளிப்பினால் செரிமானமும் சத்தும் மேம்படும், உயிருள்ள நுண்ணுயிர் கிடைக்காது. கள்ளையே குடலுக்கு நல்லதென்று குடிக்கும் வாதத்தை நான் ஏற்க மாட்டேன். மதுசாரம் குடற்சுவரைப் பாதிக்கும்.

கப் யோகட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூடியிலோ பக்கத்திலோ சீனிக்கான நிற வட்டத்தைப் பாருங்கள். சிவப்பென்றால் அது இனிப்புப் பண்டம். சீனி சேர்க்காத யோகட் கிடைத்தால் அது தயிருக்குச் சமம், வாங்கலாம்.

பழஞ்சோற்றைப் பற்றி நிறையச் சொல்லத் தோன்றுகிறது. இரவு மிஞ்சிய குத்தரிசிச் சோற்றை மண்சட்டியில் போட்டு, சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கத் தண்ணீர் ஊற்றி மூடிவைப்பார்கள். காலையில் திறந்தால் இலேசான புளிவாடை எழும். தண்ணீர் பால்போல் கலங்கியிருக்கும், அரிசி வீங்கி விரலுக்கு மசியும். அதைக் கையால் பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, ஒரு பாதித் தேசிக்காய். மிஞ்சிய மீன்குழம்பைச் சேர்த்துக் குழைத்து உருண்டையாகக் கையில் தருவார்கள். அந்தப் புளிப்பு இலக்ரிக் அமில பாக்டீரியாக்களின் வேலை. சோறு ஆறியதும் அதன் மாச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத மாச்சத்தாக மாறும். அது நார்ச்சத்தைப்போலப் பெருங்குடல்வரை போய் அங்குள்ளவற்றுக்கு உணவாகும். உயிருள்ள நுண்ணுயிரையும் அதன் தீனியையும் ஒரே சட்டியில் தருவது பழஞ்சோற்றின் பெரிய பலம், செலவும் இல்லை.

ஆனால் "இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகும்" என்று போனில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். இரும்பு ஒரு தனிமம், சட்டிக்குள் புதிதாகப் பிறக்காது. புளிக்கும்போது பைற்றேற் என்ற தடைப்பொருள் உடைவதால், இருக்கும் இரும்பு உடலில் சேர்வது இலகுவாகும், அவ்வளவுதான்.

தண்ணீர்தான் என் கவலை. இலங்கையில் நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் யாழ்ப்பாணம் நெடுங்காலமாக ஒன்று. நமது நிலம் சுண்ணக்கல், மேலே விழுவது கீழே விரைவாக இறங்கும், மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் இல்லாத வளவுகள் நிறைய. பச்சைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்த சோற்றை அடுப்பில் வைக்காமல் தின்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள். கொதித்தாறின தண்ணீரை ஊற்றுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் பிசையுங்கள். இன்னொன்று, சமைத்த சோறு மணிக்கணக்காக வெளியே உலர்ந்து கிடந்தால் பசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியா வளரும். அது விடும் நஞ்சில் ஒருவகை சூடாக்கினாலும் போகாது. ஆகவே சோறு ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், காலையிலேயே தின்றுவிட வேண்டும். வழுவழுப்போ நாற்றமோ இருந்தால் கொட்டிவிடுங்கள். நீரிழிவுக்காரருக்கு இதுவும் சோறுதான், அளவு வேண்டும்.

கடைசியாக மாத்திரை. இதில் வேண்டாம் என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது, எல்லாருக்கும் என்று சொல்லவும் முடியாது. பக்கத்து இந்தியாவின் ஒடிசாக் கிராமங்களில் பிறந்த 4,500க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்து 2017 இல் வெளியான ஆய்வில், லாக்டோபசிலஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் குறிப்பிட்ட ஒரு வகையை, அதற்குத் தீனியாகும் ஒருவகை நார்ச்சத்தோடு சேர்த்து, பிறந்த முதல் நாட்களில் ஒரு வாரம் கொடுத்தபோது, இரத்தக் கிருமித்தொற்றும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. இது சாதாரண விஷயமல்ல. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட இனம், குறிப்பிட்ட வயது, மருத்துவக் கண்காணிப்பு. அந்தப் பலனை வேறொரு பெட்டியில் இருக்கும் வேறொரு இனத்துக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தனித்தனியாகச் செய்து 2018 இல் வெளியான இரண்டு பெரிய பரிசோதனைகளில், வயிற்றோட்டத்தோடு வந்த சிறு பிள்ளைகளுக்குப் புரோபயோட்டிக் கொடுத்தும் வெறுந்தூளைவிட நன்மை தெரியவில்லை.

அன்டிபயோட்டிக் எடுக்கும் பிள்ளைகளுக்கு வரும் வயிற்றோட்டத்தில்தான் மாத்திரைக்குப் பலமான சான்று உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 33 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2019 மீளாய்வில், புரோபயோட்டிக் எடுத்த பிள்ளைகளில் 8 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் வயிற்றோட்டம் வந்தது. நாளொன்றுக்கு 500 கோடியோ அதற்கு மேலோ நுண்ணுயிர் உள்ள அளவுகள் கூடுதலாக உதவின. அதே நேரம், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் பெரியவர்களில் செய்து 2018 இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று, அன்டிபயோட்டிக் முடிந்தபிறகு புரோபயோட்டிக் எடுத்தவர்களின் சொந்தக் குடல் நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்ப, எடுக்காதவர்களைவிட அதிக காலம் பிடித்ததைக் காட்டியது. இரண்டையும் சேர்த்து நான் எடுக்கும் முடிவு இது: அன்டிபயோட்டிக் ஓடும் நாட்களில் பிள்ளைக்கு வயிறு கெடும் பழக்கம் இருந்தால் டொக்டரிடம் கேட்டுக் கொடுக்கலாம். மருந்து முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடர்வதற்கு நியாயம் காணவில்லை. அந்தக் காசு பயற்றுக்கும் தயிருக்கும் போகட்டும்.

வாங்குவதானால் பெட்டியில் இனத்தின் முழுப்பெயர் இருக்கிறதா, காலாவதித் திகதிவரை எத்தனை நுண்ணுயிர் உயிரோடிருக்கும் என்று எழுதியிருக்கிறதா, குளிரில் வைக்க வேண்டுமா என்று பாருங்கள். குளிரில் வைக்க வேண்டியதை வெளித்தட்டில் வைத்து விற்கும் கடையில் வாங்க வேண்டாம். யாழ்ப்பாண வெயிலில் அது வெறுந்தூளாகிவிடும். புற்றுநோய்க்கு மருந்தேற்றுபவர்கள், உறுப்பு மாற்றியவர்கள், எதிர்ப்புத் திறனைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் மாத்திரையையும் பழஞ்சோற்றையும் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அவர்களுக்கு நல்ல பாக்டீரியாவும் இரத்தத்தில் தொற்றாக மாறலாம். மாதம் குறைந்து பிறந்த குழந்தைகளுக்கும் அந்த ஆபத்து உண்டு, 2023 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரித்தது.

வீட்டுக்கு வீடு முடிவு மாறும். பாண் மேசையை ஆளும் வீட்டில் பயற்றையும் குரக்கனையும் தொடங்குங்கள், வேறெதுவும் இப்போது வேண்டாம். கீரையும் குத்தரிசியும் ஏற்கெனவே இருக்கும் வீட்டில் தினமும் தயிரையும் மோரையும் சேருங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால், கொதித்தாறின தண்ணீரில் ஊறிய பழஞ்சோறு அவருக்குப் பொருந்தும். தடிமனுக்கு மிச்சமிருந்த அன்டிபயோட்டிக்கை எடுத்துக் கொடுப்பதை எந்த வீடாக இருந்தாலும் இன்றே நிறுத்துங்கள். தடிமன் வைரசால் வருவது, அந்த மருந்து அதற்கு வேலை செய்யாது, குடலில் இருப்பவற்றைத்தான் அழிக்கும். தடுப்பூசி அட்டையில் விடுபட்டது இருந்தால் அதை முதலில் போடுங்கள், தயிர் அதற்கு ஈடாகாது.

பிள்ளைக்கு இப்போதே வயிற்றோட்டம் என்றால் இந்த ஒப்பீடு எதுவும் முதல் வேலையல்ல, உப்பும் சீனியும் சேர்ந்த நீர்ச்சத்துத் தூளான ஜீவனிதான் முதல். பைக்கற்றில் சொன்ன அளவு கொதித்தாறின தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம், கண் குழிவிழுதல், சலம் குறைதல், விடாத காய்ச்சல், சோர்ந்து கிடத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.